கிழக்கே மாதா, மேற்கே பொதுத்தீர்வை: டோர்ச்செல்லோ தீவுக் கோயிலைப் படிப்பது எப்படி

இத்தாலியில் ஒரு சின்னத் தீவில் இருக்கும் பழைய கோயிலின் கிழக்குச் சுவரில் ஒரு தாய் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கிறாள். அதே கோயிலின் மேற்குச் சுவரில், அவளுக்கு எதிர்ப்புறம், பசாசுகளின் தலைவன் தன் மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இந்த இரண்டு குழந்தைகளும் யார், ஏன் எதிரெதிரே வைத்தார்கள் என்று புரிந்துகொண்டால் அந்தக் கோயிலில் பாதி விளங்கிவிடும். அங்கிருந்து ராவென்னா, வெனிஸ், இஸ்தான்புல் என்று எங்கே போனாலும் அந்தக் காலத்துக் கோயில் ஒன்றைப் பார்த்ததும் எதை எங்கே தேடவேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பைசாண்டியக் கலை, அதாவது கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசின் கலை, பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கு ஆரம்பப் பாடமாக நான் இந்தக் கோயிலைத்தான் சொல்வேன்.

தீவின் பெயர் டோர்ச்செல்லோ. வெனிஸ் நகரம் ஒரு பெரிய காயலுக்குள் இருக்கிறது இல்லையா, அந்தக் காயலின் வடக்குப் பகுதியில், வண்ண வண்ண வீடுகளுக்குப் பேர்போன புரானோ தீவுக்குப் பக்கத்தில் இது இருக்கிறது. புரானோவிலிருந்து படகில் ஐந்து நிமிடம்தான். இறங்கியதும் ஒரு வாய்க்கால் ஓரமாகவே நடக்கவேண்டும், வழியில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு செங்கல் பாலம் வரும், அதைப் பேய்ப்பாலம் என்கிறார்கள். பத்து நிமிடம் நடந்தால் ஒரு புல்வெளி. அதைச் சுற்றி இரண்டு கோயில்கள், ஒரு மணிக்கூண்டு, சில பழைய கட்டடங்கள். ஊர் என்று சொல்வதற்கு அவ்வளவுதான் மிச்சம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் ஆண்ட பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் இதே தீவைப் பற்றி எழுதும்போது ‘பெரிய வணிகத் தலம்’ என்று குறிப்பிட்டிருக்கிறார். உப்பு, கம்பளி, கண்ணாடி, அப்புறம் கிழக்கேயிருந்து கப்பலில் வந்த சரக்கு எல்லாம் புழங்கிய ஊர். 1961-62இல் போலந்து நாட்டு ஆய்வாளர்கள் கோயிலுக்குப் பக்கத்தில் தோண்டியபோது பழைய கண்ணாடி உலை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முரானோ தீவின் கண்ணாடிக்கு இன்று உலகம் முழுவதும் பேர் இருக்கிறது, ஆனால் அதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இந்தத் தீவில் கண்ணாடி உருக்கியிருக்கிறார்கள்.

சதுப்பு நிலத்தில் யார் ஊர் கட்டுவார்கள்? விரட்டப்பட்டவர்கள்தான். காயலை ஒட்டிய நிலப்பகுதியில் அல்டினோ என்று ஒரு ரோமானிய நகரம் இருந்தது, சாலைகள், துறைமுகம், அரங்கம் எல்லாம் உள்ள வசதியான ஊர். 452இல் ஹூணர் தலைவன் அட்டிலா அக்குவிலேயா நகரத்தை அழித்துவிட்டு இந்தப் பக்கமாக வந்தான். அதற்கப்புறம் 568இல் லொம்பார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இறங்கினார்கள், இவர்கள் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இல்லை, தங்கிவிட வந்தவர்கள். குதிரைப்படைக்காரனுக்குச் சேறும் உப்புத் தண்ணீரும் ஆகாது. அதனால் அல்டினோ மக்கள் காயலுக்குள் இருந்த தீவுகளுக்கு நகர்ந்தார்கள்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. அல்டினோ ஆயரும் (பிஷப்) மக்களும் எங்கே போவது என்று தெரியாமல் மூன்று நாள் நோன்பிருந்து வேண்டினார்களாம், ‘கோபுரத்தில் ஏறி நட்சத்திரங்களைப் பார்’ என்று வானத்திலிருந்து ஒரு குரல் வந்ததாம், ஏறிப் பார்த்தால் நட்சத்திரங்கள் காயல் தீவுகளைக் காட்டினவாம். டோர்ச்செல்லோ என்ற பெயரே ‘சின்னக் கோபுரம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கதை அழகுதான். உண்மையில் இந்த இடப்பெயர்வு ஒரே இரவில் நடந்தது இல்லை என்பது தொல்லியல் ஆய்வாளர்களின் கருத்து. அல்டினோவின் துறைமுகம் வண்டல் படிந்து தூர்ந்துகொண்டிருந்தது, வணிகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவுகளுக்கு மாறியது, மக்களும் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள். மாறும்போது பழைய ஊரின் செங்கல்லையும் பளிங்குக் கல்லையும் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தங்கள் ஊரின் முதல் ஆயரான புனித எலியோதோருஸின் எலும்புகளையும் கொண்டுவந்தார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலசாமியின் பிடிமண்ணை எடுத்துப்போவது நமக்குத் தெரிந்த விஷயம். இவர்களுக்குப் புனிதரின் எலும்புகள் அப்படி.

கோயில் எப்போது கட்டியது என்பதற்குக் கதை தேவையில்லை, கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1895இல் கண்டெடுத்த ஒரு கல்வெட்டு இன்று பீடத்துக்கு இடதுபக்கம் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. பேரரசர் ஹெராக்ளியஸ் காலத்தில், 639இல், ராவென்னாவில் இருந்த பேரரசின் ஆளுநர் இசாக்கின் ஆணைப்படி, தேவதாயான மரியாளுக்கு இந்தக் கோயில் கட்டப்பட்டது என்று அதில் இருக்கிறது. வெனிஸ் வரலாற்றின் முதல் ஆவணம் என்றே பலர் இதைச் சொல்வார்கள். அந்தத் தேதியைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வெனிஸ் நகரத்தின் மையமான ரியால்டோவுக்கு அரசு மாறியது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். புனித மாற்குவின் உடலை அலெக்சாந்திரியாவிலிருந்து வெனிஸுக்குக் கொண்டுவந்தது 828இல். இன்று எல்லோரும் வரிசையில் நின்று பார்க்கிற மாற்கு பெருங்கோயிலைக் கட்டத் தொடங்கியது 1063இல். டோர்ச்செல்லோ கோயில் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது.

கல்வெட்டில் இருக்கும் பெயர்களும் ஒரு விஷயத்தைச் சொல்கின்றன. போப்பாண்டவரின் பெயர் இல்லை, இத்தாலிய மன்னர் பெயரும் இல்லை, தூரத்தில் கான்ஸ்டான்டிநோபிளில் உட்கார்ந்திருக்கும் பேரரசர் பெயர்தான் இருக்கிறது. இந்தத் தீவு நிலத்தால் இத்தாலியில் இருந்தாலும் கண்ணெல்லாம் கிழக்கேதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் படங்கள் ஏன் கிரேக்கப் பாணியில் இருக்கின்றன என்று அப்புறம் கேட்கவே வேண்டியிருக்காது.

கோயிலின் முழுப் பெயர் சாந்தா மரியா அசுந்தா. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் பரலோக மாதா, விண்ணேற்பு அன்னை என்று சொல்வார்களே, அவளுக்கு நேர்ந்த கோயில். இதை பசிலிக்கா என்கிறார்கள். இந்தச் சொல் பலரையும் குழப்பும். வேளாங்கண்ணியை, சாந்தோமை பசிலிக்கா என்று சொல்லும்போது அது போப்பாண்டவர் கொடுக்கும் ஒரு சிறப்புத் தகுதி. கட்டடக்கலையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ரோமானியர்கள் வழக்கு விசாரிக்கவும் வியாபாரம் பேசவும் கட்டிய நீண்ட பொதுமண்டபத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கிறித்தவர்களுக்கு 4ஆம் நூற்றாண்டில் வெளிப்படையாக வழிபட அனுமதி கிடைத்தபோது, பெரிய கூட்டம் உள்ளே நிற்க இடம் வேண்டியிருந்தது. ரோமானியக் கோயில் அதற்கு உதவாது, அது தெய்வச் சிலைக்கான அறை, மக்கள் வெளியேதான் நிற்பார்கள். அதனால் பொதுமண்டபத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வடிவம் எளிது. நடுவில் அகலமும் உயரமுமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் அதைவிடத் தாழ்வான பக்கக்கூடங்கள். நடுவே பிரிக்கத் தூண் வரிசை. கிழக்குக் கோடியில் சுவர் அரைவட்டமாகக் குடைந்து பின்வாங்கியிருக்கும், அங்கேதான் பீடம். மேற்குக் கோடியில் வாசல். அதாவது மேற்கே நுழைந்து கிழக்கே, சூரியன் உதிக்கும் பக்கம் நடக்கவேண்டும். பசிலிக்காவுக்கு முகம் என்று ஒன்று உண்டு என்றால் அது இந்தத் திசைதான், வட்டமான கோயிலில் நடுவில் போய் நின்று சுற்றிப் பார்க்கலாம், இங்கே உங்களால் நடக்காமல் இருக்கமுடியாது.

டோர்ச்செல்லோவில் பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டுப் பளிங்குத் தூண்கள். மேலே மரக்கூரை. 639இல் கட்டியதை 864இல் ஒருமுறை மாற்றிக் கட்டினார்கள், அப்புறம் 1008இல் ஆயர் ஓர்சோ ஓர்செயோலோ காலத்தில் பெரிய அளவில் எடுத்துக் கட்டினார்கள். இந்த ஓர்சோ சாதாரணமான ஆள் இல்லை, வெனிஸின் ஆட்சித்தலைவராக இருந்த இரண்டாம் பியெத்ரோ ஓர்செயோலோவின் மகன். இன்று நாம் பார்க்கும் கட்டடம் பெரும்பாலும் அவர் காலத்தின் உருவம்தான். வெளிப்புறம் வெறும் செங்கல், பூச்சு வேலை, சிற்பம் என்று எதுவும் இல்லை. ஆனால் தெற்குப்பக்கம் போய் ஜன்னல்களைப் பாருங்கள், மரக்கதவுக்குப் பதில் ஒரே பலகையாக வெட்டிய கல் கதவுகள், கீல்கூட கல்லில்தான். காயலின் புயற்காற்றுக்கு மரம் தாங்காது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. எனக்கு உள்ளே இருக்கும் தங்கத்துக்குச் சமமாக இந்தக் கல் கதவுகளும் பிடிக்கும்.

உள்ளே காலடியில் தொடங்குவோம். தரை முழுக்கப் பல நிறப் பளிங்குத் துண்டுகளை வட்டமும் சதுரமுமாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பின்னுவதுபோல் அடுக்கியிருக்கிறார்கள். இது 11ஆம் நூற்றாண்டு வேலை. அதற்குக் கீழே இன்னும் பழைய தரை இருக்கிறது, ஓரிடத்தில் அது தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அல்டினோக்காரர்களின் சந்ததி நடந்த தரை.

கொஞ்சம் முன்னே போனால் குறுக்கே ஒரு திரை வரும். துணித்திரை இல்லை. கீழே இடுப்பளவுக்குச் செதுக்கிய பளிங்குப் பலகைகள், அதன்மேல் மெலிந்த தூண்கள், அவற்றின் மேல் மாதாவும் இயேசுவின் முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்களும் தீட்டப்பட்ட மரப்பலகை வரிசை. ஓவியப் பலகைகள் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கீழே உள்ள பளிங்கு அதற்கு நானூறு வருடம் மூத்தது. இந்தத் திரையின் வேலை, மக்கள் நிற்கும் இடத்தையும் பீடம் இருக்கும் இடத்தையும் பிரிப்பது. கருவறைக்கு முன்னால் ஒரு நிலைவாசல் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பளிங்குப் பலகையில் இரண்டு மயில்கள் எதிரெதிரே நின்று உயரமான ஒரு கிண்ணத்திலிருந்து தண்ணீர் குடிக்கின்றன. கழுத்தை நீட்டி அலகை வைக்கும் அந்த வளைவு அவ்வளவு நயமாக இருக்கும். மயில் அங்கே எங்கிருந்து வந்தது? மயிலின் இறைச்சி கெடாது என்று பழைய காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது, அதனால் ஆதிக் கிறித்தவர்கள் அதைச் சாவில்லாத வாழ்வுக்கு அடையாளமாக வைத்தார்கள். கிண்ணம் திருவிருந்தின் கிண்ணம். குடிப்பவர் சாகமாட்டார் என்பது செய்தி. மற்றொரு பலகையில் கொடிகளுக்கு இடையே சிங்கங்கள்.

திரைக்குப் பின்னால் அரைவட்டச் சுவரை ஒட்டிப் படிப்படியாகச் செங்கல் இருக்கைகள், நடுவே உயரத்தில் ஆயரின் ஆசனம். குருக்கள் சுற்றி உட்கார, ஆயர் நடுவில் மக்களைப் பார்த்து உட்காருவார். இந்த அமைப்பு ஆதித் திருச்சபையின் வழக்கம், பிற்காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பாலான கோயில்களில் இதை இடித்துவிட்டார்கள், இங்கே தப்பிவிட்டது. பீடத்தின் அடியில் ஒரு ரோமானியக் கல்பெட்டி இருக்கிறது, புனித எலியோதோருஸின் எலும்புகளை அதில்தான் வைத்தார்கள். யாரோ ஒரு ரோமானியருக்காகச் செதுக்கிய சவப்பெட்டி ஆயருக்குப் பயன்பட்டது.

இப்போது மொசைக். நம்மிடம் ‘மொசைக் தரை’ என்றால் சிமெண்டில் கல் சில்லு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. இது அது இல்லை. இங்கே சுவரில் ஈரமான சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அது காய்வதற்குள் விரல்நகம் அளவுக்கும் குறைவான வண்ணக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பதிப்பார்கள். நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் நிறமேற்றி உருக்கிய கண்ணாடி. தங்கச் சில்லுதான் விசேஷம். தடிமனான கண்ணாடி ஒன்று, அதன்மேல் மெல்லிய தங்கரேக்கு, அதற்கும் மேல் தோல்போல ஒரு கண்ணாடிப் படலம், மூன்றையும் சூட்டில் ஒன்றாக்கித் துண்டு துண்டாக வெட்டுவார்கள். தங்கம் கண்ணாடிக்குள் மாட்டிக்கொள்வதால் உப்புக்காற்று அதைத் தொடமுடியாது. அதனால்தான் ஆயிரம் வருடமாகக் காயலுக்கு நடுவில் மங்காமல் இருக்கிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. சில்லுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்து, ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று இருக்கும். கைத்தவறு இல்லை அது. ஒரே மட்டமாக இருந்தால் சுவர் தகரம்போல ஒரே பக்கம் பளிச்சென்று அடிக்கும். சாய்த்து வைத்தால் நீங்கள் நடக்க நடக்க ஒவ்வொரு சில்லும் வெவ்வேறு நேரத்தில் ஒளியைப் பிடிக்கும், சுவர் மூச்சுவிடுவதுபோல் இருக்கும். எண்ணெய் விளக்கின் சுடர் அசையும்போது இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மின்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் எதிலும் இந்த அசைவு வராது.

இத்தனையும் தெரிந்தபிறகு தலையைத் தூக்கிக் கிழக்கே பாருங்கள். அரைவட்டக் குடைவு முழுவதும் தங்கம். அதன் நடுவில் கருநீல ஆடை உடுத்தி மாதா தனியாக நிற்கிறாள். மெலிந்த, நெடிய உருவம். இடதுகையில் குழந்தை இயேசு, வலதுகை அந்தக் குழந்தையைச் சுட்டுகிறது. இந்த நிலைக்குக் கிரேக்கத்தில் ஒடிகித்ரியா என்று பெயர், ‘வழிகாட்டுகிறவள்’ என்று பொருள். ‘என்னைப் பார்க்காதே, இவரைப் பார்’ என்கிறது அந்தக் கை. சாதாரணமாக இவ்வளவு பெரிய இடத்தில் சுற்றிலும் வானதூதர்களும் புனிதர்களும் நிறைந்திருப்பார்கள், கொடையாளர் ஒருவர் கோயிலின் சின்ன உருவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். இங்கே யாரும் இல்லை. சுற்றிலும் வெறும் தங்கம், நடுவில் ஒரு தாய், அவள் கையில் பிள்ளை. உலகத்தில் மொசைக்கில் செய்த மாதா உருவங்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. நகையலங்காரம் இல்லை, அழுகையும் இல்லை, ஆனால் அந்த முகத்தில் இருக்கும் துயரம் கொஞ்சநேரம் பார்த்தால்தான் தெரியும், தெரிந்துவிட்டால் விடாது.

அவளுக்குக் கீழே பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், ஜன்னலுக்கு இந்தப்பக்கம் ஆறு பேர் அந்தப்பக்கம் ஆறு பேர், ஜன்னலுக்கு அடியில் எலியோதோருஸ். அப்போஸ்தலர்கள் 11ஆம் நூற்றாண்டு, மாதா 12ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். 1117இல் வட இத்தாலியில் பெரிய நிலநடுக்கம் வந்தது, அதில் பழைய படம் சேதமாகி இவளை வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். மாதாவின் காலடியில் லத்தீனில் ஒரு வாசகம் ஓடுகிறது. நற்குணத்தின் வடிவே, கடலின் நட்சத்திரமே, மீட்பின் வாசலே என்று தொடங்கி, ஏவாள் தன் கணவனோடு சேர்ந்து கீழே தள்ளியவர்களை மரியாள் தன் பிள்ளையால் தூக்கிவிடுகிறாள் என்று முடிகிறது. நம்மூர்ப் பிரார்த்தனையில் ‘பரலோகத்தின் வாசலே’ என்று வருகிறதே, அதே மரபு. அதிலும் ‘கடலின் நட்சத்திரம்’ என்பது காயலில் படகோட்டிப் பிழைத்த இந்த ஊருக்கு வெறும் புகழ்மொழியாக இருந்திருக்காது, இரவில் திசை தப்பாமல் வீடுவந்து சேர அவர்கள் நம்பியதே நட்சத்திரத்தைத்தானே. வாசல் என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அது திரும்ப வரும்.

வலதுபக்கம் இருக்கும் சின்னப் பீடத்தின் கூரையையும் விட்டுவிடாதீர்கள். நான்கு வானதூதர்கள் நீலக்கோளங்களின்மேல் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி, நடுவில் இருக்கும் ஒரு வளையத்தைத் தாங்குகிறார்கள், வளையத்துக்குள் இயேசுவின் அடையாளமான ஆட்டுக்குட்டி. சுற்றிலும் கொடியும் பறவையும். ராவென்னாவில் 6ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித விட்டாலே கோயிலின் கூரையைப் பார்த்தவர்களுக்கு உடனே அது ஞாபகம் வரும். ஐந்நூறு வருடம் கழித்து அந்த மாதிரியை இங்கே திரும்பச் செய்திருக்கிறார்கள். கீழே இயேசு அரியணையில், இருபுறமும் தலைமை வானதூதர்களான மிக்கேலும் கபிரியேலும். அதற்கும் கீழே கிரகோரி, மார்ட்டின், அம்புரோஸ், அகுஸ்தீன். நான்கு பேரும் லத்தீன் திருச்சபையின் ஆட்கள். கிரேக்கப் பாணியில் லத்தீன் புனிதர்கள், இதுதான் டோர்ச்செல்லோ. சில வருடங்களுக்கு முன் இந்தப் பகுதியைச் சீரமைத்தபோது மொசைக் கூரைக்கு மேலே மறைந்திருந்த 9ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் வெளியே வந்தன. மொசைக் வருவதற்கு முன்னால் இந்தச் சுவர்களில் சாயத்தால் தீட்டியிருந்தார்கள் என்பதற்கு அது கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி.

இவ்வளவு செல்வம் இருந்த ஊர் எப்படிக் காலியானது? ஆறுகள் கொண்டுவந்த வண்டல் காயலின் இந்தப் பகுதியை மேடாக்கியது. வாய்க்கால்கள் தூர்ந்தன, பெரிய படகு வரமுடியவில்லை. உப்புத் தண்ணீரோடு நல்ல தண்ணீர் கலந்து தேங்கிய இடமெல்லாம் கொசு, மலேரியா. பக்கத்தில் வெனிஸ் வளர்ந்து வணிகத்தை எல்லாம் தன் பக்கம் இழுத்தது. மக்கள் முரானோ, புரானோ, வெனிஸ் என்று போனார்கள். காலியான வீடுகளையும் மடங்களையும் பிரித்து, செங்கல்லையும் பளிங்கையும் வெனிஸில் வீடு கட்ட எடுத்துப்போனார்கள். ஒருகாலத்தில் அல்டினோவைப் பிரித்து டோர்ச்செல்லோவைக் கட்டினார்கள், அப்புறம் டோர்ச்செல்லோவைப் பிரித்து வெனிஸ். 1689இல் ஆயரே முரானோவுக்குக் குடிபோனார். 1818இல் மறைமாவட்டமே இல்லாமல் போய் வெனிஸோடு சேர்ந்தது.

அது துக்கம்தான். ஆனால் எனக்குத் தோன்றுவது, ஊர் நொடித்ததால்தான் கோயில் பிழைத்தது. பணக்கார ஊராகவே இருந்திருந்தால் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ‘பழசாகிவிட்டது’ என்று இடித்து, புதுப்பாணியில் தூணும் குவிமாடமும் வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தத் திரையும் செங்கல் இருக்கைகளும் நிச்சயம் போயிருக்கும். இடித்துக் கட்டக் காசு இல்லாத ஊர் அவற்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் புனித ஃபோஸ்கா கோயிலும் அப்படியே தப்பியது, எட்டுமூலைத் தாழ்வாரம் சுற்றிய சின்னக் கோயில், நடுவில் குவிமாடம் எழுப்ப நினைத்து மரக்கூரையோடு நின்றுவிட்டது. வெளியே புல்வெளியில் ஒரு கல் நாற்காலி கிடக்கும், அட்டிலாவின் சிம்மாசனம் என்பார்கள். அட்டிலா அதில் உட்காரவே இல்லை, ஊரின் ஆயரோ நீதிபதியோ உட்கார்ந்த இருக்கையாக இருக்கலாம்.

சரி, உள்ளேயே இருப்போம், இப்போது மேற்கே திரும்புங்கள். வாசலுக்கு மேலே கூரைவரை ஒரே சுவர், அடுக்கடுக்காகப் பொதுத்தீர்வை. ஞானோபதேசம் படித்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும், உலக முடிவில் எல்லா மனிதர்களுக்கும் வரும் கடைசித் தீர்ப்பு. இதை மேலிருந்து கீழாகப் படிக்கவேண்டும்.

உச்சியில் சிலுவையில் இயேசு, பக்கத்தில் மாதாவும் சீடர் அருளப்பரும் (யோவான்). அதற்குக் கீழே இயேசு பாதாளத்தில் இறங்குகிறார். விசுவாசப் பிரமாணத்தில் ஒரே வரியாக நாம் சொல்லிவிட்டுப் போகிற விஷயம், கிரேக்கத் திருச்சபைக்கு அதுதான் உயிர்ப்பின் படமே. பாதாளத்தின் கதவுகள் உடைந்து அவர் காலடியில் கிடக்கின்றன, பூட்டும் சாவியும் சிதறிக்கிடக்கின்றன, அவர் ஆதாமின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டை. தானாக எழ முடியாதவனை அப்படித்தான் தூக்கமுடியும். இரண்டு ஓரங்களிலும் மிக்கேலும் கபிரியேலும் அரசவை உடையில், மற்ற எல்லோரையும்விடப் பெரிதாக.

அடுத்த அடுக்கில் இயேசு ஒளிவட்டத்துக்குள் நீதிபதியாக அமர்ந்திருக்கிறார். ஒருபுறம் மாதா, மறுபுறம் ஸ்நாபக அருளப்பர் (திருமுழுக்கு யோவான்), இருவரும் மனிதர்களுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அப்போஸ்தலர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இயேசுவின் காலடியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு புறப்பட்டு வலதுபக்கமாக இறங்குவதைக் கவனியுங்கள். அது நெருப்பாறு. கீழே நரகத்தில் போய்த்தான் சேரும்.

அதற்குக் கீழே யாரும் உட்காராத ஓர் அரியணை, அதன்மேல் சிலுவையும் நூலும். தீர்ப்பிடுபவரின் வருகைக்குத் தயாராக வைத்த ஆசனம். ஆதாமும் ஏவாளும் முன்னால் மண்டியிட்டிருக்கிறார்கள். வானதூதர்கள் எக்காளம் ஊத, செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள், எப்படி? மிருகங்களும் மீன்களும் தாங்கள் விழுங்கிய மனிதர்களைத் துண்டு துண்டாகக் கக்குகின்றன. சிங்கத்தின் வாயில் ஒரு தலை, மீனின் வாயில் ஒரு கை. இது விளையாட்டுக்குச் செய்ததில்லை. கடலில் மூழ்கிப்போனவனும் உயிர்த்தெழுவானா என்பது படகுக்காரர்கள் வாழ்ந்த தீவில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கேள்வி. சுவர் அதற்குப் பதில் சொல்கிறது: கடல் திருப்பித் தரும்.

இன்னும் கீழே, வாசலுக்குச் சற்று மேலே, மிக்கேல் சம்மனசு (வானதூதர்) தராசு பிடித்திருக்கிறார். எதிரே பசாசுகள் நீண்ட கோல்களை நீட்டித் தட்டைத் தங்கள் பக்கம் சாய்க்கப் பார்க்கின்றன. பார்ப்பவருக்கு இடப்புறம் மீட்கப்பட்டவர்கள், கீழே மோட்சம்: இராயப்பர் (பேதுரு) காவலுக்கு, இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு மனம் மாறிய நல்ல கள்ளன் தன் சிலுவையோடு, மடி நிறையச் சின்ன ஆன்மாக்களை வைத்திருக்கும் ஆபிரகாம். வலப்புறம் நெருப்பு. அதற்குள் கருநீல உடம்போடு பசாசுகளின் தலைவன் லூசிபர், அரியணையில். மடியில் ஒரு குழந்தை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வந்துவிட்டோம். அந்தக் குழந்தை அந்திக்கிறிஸ்து, கடைசிக் காலத்தில் மக்களை ஏமாற்ற வருபவன். அவன் அழகாக உடுத்தியிருக்கிறான். கிழக்கே தாயின் கையில் உண்மையான பிள்ளை, மேற்கே பொய்யான பிள்ளை. கோயிலின் நீளம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது, வழிபட வருகிறவர் நிற்பதும் அந்த நடுவில்தான்.

நரகத்தின் அடியில் ஏழு அறைகள். நம் ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று படிப்போமே, கர்வம், கோபம், மோகம், உலோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல், அதே ஏழுதான். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற தண்டனை. போசனப்பிரியர்கள் தங்கள் கையையே கடித்துத் தின்கிறார்கள். உலோபிகளுக்குத் தலை மட்டும் மிச்சம், காதில் இன்னும் நகை தொங்குகிறது. காய்மகாரக்காரர்களின் மண்டையோடுகளில் கண் இருந்த குழிவழியாகப் பாம்புகள் நுழைந்து வருகின்றன, அடுத்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது கண்தானே. சோம்பேறிகள் கையும் காலும் மண்டையோடுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள், சேர்ந்து எழுந்து நிற்கக்கூட அவர்களால் முடியாது. எழுத்து தெரியாத ஓர் உப்பளத் தொழிலாளி இதை வாரம் தவறாமல் பார்த்திருப்பார், பார்த்துப் படித்திருப்பார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடவேண்டும். இந்தச் சுவரில் நாம் பார்ப்பது எல்லாமே 11, 12ஆம் நூற்றாண்டுச் சில்லுகள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பெரிய அளவில் பழுதுபார்த்தபோது, குறிப்பாக மேல் அடுக்குகளில், பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்திருக்கிறார்கள். அப்போது கழன்ற சில துண்டுகள் எதிரே இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே போய்ப் பழைய முகம் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், சுவரில் எது மூலம், எது பிறகு ஒட்டியது என்று கண் தானாகப் பிரிக்க ஆரம்பித்துவிடும்.

கடைசியாக வாசல். அதன் நிலைக்குமேல் இருக்கும் அரைவட்டத்தில், தராசுக்கு அடியில், மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே மாதா மறுபடியும் இருக்கிறாள். இம்முறை கையில் குழந்தை இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் வெளியே காட்டி, மார்புக்கு நேராக உயர்த்தி மன்றாடுகிறாள். ‘கன்னியே, உன் மகனிடம் மன்றாடி எங்கள் குற்றத்தைத் துடைத்துவிடு’ என்று பொருள்படும் லத்தீன் வரி அவளைச் சுற்றி எழுதியிருக்கிறது. கிழக்கே அவளை மீட்பின் வாசல் என்று எழுதியவர்கள், மேற்கே அவளை நிஜமான ஒரு வாசலுக்கு மேலேயே வைத்துவிட்டார்கள். பூசை முடிந்து வீட்டுக்குப் போன ஒவ்வொருவரும் அவளுடைய விரித்த கைகளுக்குக் கீழேதான் குனிந்து வெளியே போனார்கள், புல்வெளிக்கும் படகுக்கும்.